ஸ்ட்ராட் ஒல்லியாகக் கேட்கிறது: கனம் எங்கிருந்து வரும்?

கேள்வி: ஸ்ட்ராட் (ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலக்ட்ரிக் கிட்டார், மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், 9 கேஜ் கம்பி (முதல் கம்பி 0.009 அங்குலம்), 10 வாட் பிராக்டிஸ் ஆம்ப். பிரிட்ஜ் பிக்கப்பில் (கம்பிகள் உடம்பில் ஊன்றும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பது) வாசித்தால் கீச்சென்று ஒல்லியாகக் கேட்கிறது. பேஸைக் கூட்டினால் குழம்புகிறது, கெயினை (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டினால் இரைகிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள். ஹம்பக்கர் போட்டால் ஒலி மாறும், சந்தேகமில்லை. ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு. ஸ்ட்ராட் ஒல்லியாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் பிக்கப்பின் உயரம், பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாப் (கூர்மையைக் குறைக்கும் திருகு) இல்லாத வயரிங், ஆம்பில் மிட் (நடு அதிர்வெண்கள்) குறைந்திருப்பது, சின்ன ஸ்பீக்கர் ஆகியவைதான் காரணம். முதல் மூன்றையும் காசில்லாமலே சரிசெய்யலாம். ஆம்பைச் சரிசெய்யாமல் பிக்கப்பை மட்டும் மாற்றினால் புதிய பிக்கப்பும் அதே ஆம்ப் வழியாக அதே மாதிரிதான் வரும்.

முதலில் கனம் என்பது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண டியூனிங்கில் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதனால் கனம் வேண்டுமென்றால் பேஸைத் திருக வேண்டும் என்று தோன்றும். ஆனால் கிட்டாரின் உடம்பாக நம் காது எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 150 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. கீச்சென்று குத்துவது 2.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. அந்தக் குத்தலைத் தணித்து நடுப்பகுதியை வெளியே கொண்டுவந்தால் ஒலி தானாகப் பருக்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே கூட்டுவதெல்லாம் முழக்கமாகத்தான் வரும். அதுவும் 6, 8 அங்குல ஸ்பீக்கருக்கு அந்த ஆழத்தை நேராக ஒலிக்கும் திறனே இல்லை. பேஸைத் திருகத் திருக கோன் வீணாக ஆடி, மற்ற சுரங்களையும் சேர்த்துக் கெடுக்கும். நீங்கள் சொல்லும் குழப்பம் அதுதான்.

கையிலிருந்து ஆரம்பியுங்கள். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் மேல் ஹார்மோனிக்குகள் ஓங்கும், அடிப்படைச் சுரம் மெலியும். மீட்டும் இடத்தை மூன்று, நான்கு சென்டிமீட்டர் கழுத்துப் பக்கம் நகர்த்தினாலே பிக்கப் ஸ்விட்சை ஒரு படி மாற்றியது போன்ற வேறுபாடு கேட்கும். 0.46 மி.மீ. போன்ற மெல்லிய பிக் கம்பியில் படும்போது 'டிக்' என்ற சத்தம் முதலில் வரும், சுரம் பிறகுதான் வரும். 1 மி.மீ. அல்லது 1.5 மி.மீ. பிக்கை எடுத்து, கூர்முனைக்குப் பதிலாக அதன் உருண்டையான தோள் பக்கத்தால் மீட்டிப் பாருங்கள். பிக்கைக் கம்பிக்கு நேர் இணையாகப் பிடித்தால் சுத்தமான, தடித்த தாக்கு வரும். சாய்த்துப் பிடித்தால் சுற்றுக் கம்பிகளில் உரசல் சத்தம் சேரும். இடது கை விரல் ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் விழாவிட்டால் சுரம் சீக்கிரம் செத்துப்போகும். செத்த சுரத்தை எந்தப் பெடலும் பருமனாக்காது.

அடுத்து பிக்கப் உயரம். கடையிலிருந்து வரும் கிட்டார்களில் இதை ஒழுங்காக அளந்து வைத்திருப்பது அரிது. ஃபெண்டர் சொல்லும் முறை இது: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் காந்த முனைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். சாதாரண சிங்கிள் காயிலுக்கு ஆறாவது கம்பிப் பக்கம் 2 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 1.6 மி.மீ. பழைய பாணி பிக்கப்புகளுக்கு 2.4, 2 மி.மீ. ஹம்பக்கருக்கு இரண்டு பக்கமும் 1.6 மி.மீ. ஸ்டீல் ஸ்கேலால் அளந்தால் போதும்.

இந்த எண்கள் தொடக்கப்புள்ளிதான். பிரிட்ஜ் அருகே கம்பியின் அசைவு குறைவு, அதனால் அங்கிருக்கும் பிக்கப்புக்குச் சத்தமும் குறைவு. அதை அரைச் சுற்று, அரைச் சுற்றாக உயர்த்திக்கொண்டே வந்து, நெக் (கழுத்துப் பக்க) பிக்கப்பிலிருந்து அதற்கு மாறும்போது சத்தம் விழாத இடத்தில் நிறுத்துங்கள். அப்படியும் போதாவிட்டால் பிரிட்ஜை மேலும் உயர்த்த வேண்டாம், நெக் பிக்கப்பைக் கீழே இறக்குங்கள். பலர் மூன்றையும் கம்பியை முட்டும் அளவுக்கு ஏற்றிவிடுகிறார்கள். அல்னிகோ காந்தத் தண்டுள்ள பிக்கப்புகளில் அது கெடுதல். காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். ஆறாவது கம்பியில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரே சுரம் இரண்டு சுரமாக அலைந்து நடுங்கும், இன்டொனேஷன் (ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) எப்படிச் சரிசெய்தாலும் நிற்காது, நீடிப்பும் குறையும். அந்த நடுக்கம் கேட்டால் முதலில் நெக் பிக்கப்பை இறக்குங்கள், அடுத்து நடுப் பிக்கப்பை.

கம்பி பற்றி. 9 கேஜிலிருந்து 10 கேஜுக்கு மாறினால் கொஞ்சம் கனம் கூடும் என்பது உண்மை. காந்தப்புலத்தில் அதிக இரும்பு அசைகிறது, நீங்களும் அஞ்சாமல் ஓங்கி மீட்டுவீர்கள். ஆனால் இதற்குத் தரப்படும் முக்கியத்துவம் மிகை. இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7 கேஜ் கம்பியில் வாசிப்பவர். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்ததால் மிக மெல்லிய கம்பிகளுக்குப் போனவர், அவருடைய ஒலியை யாரும் ஒல்லி என்று சொன்னதில்லை. மறுபுறம் ப்ளூஸ் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 கேஜ் கம்பியை அரைச் சுரம் இறக்கி வாசித்தார். இருவகைக்கும் ஆள் இருக்கும்போது கம்பியை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

அரைச் சுரம் இறக்குவது நல்ல யோசனைதான். டியூனிங்கை ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் அளவு குறையும். 10 கேஜ் முதல் கம்பி சாதாரண டியூனிங்கில் சுமார் 7.3 கிலோ இழுக்கிறது, இறக்கினால் 6.5 கிலோ, அதாவது 9 கேஜின் 6 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கைக்குப் பெரிய சிரமமில்லாமல் தடித்த கம்பி கிடைக்கிறது. பாடுபவர்கள் பலருக்கும் அந்தச் சுருதி வசதியாக இருக்கும்.

ட்ரெமொலோ (நெம்புகோலால் அசையும்) பிரிட்ஜ் உள்ள ஸ்ட்ராட்டில் கேஜ் மாற்றினால் அதோடு மற்ற வேலைகளும் வரும். மொத்த இழுவிசை சுமார் 38 கிலோவிலிருந்து 46, 47 கிலோவுக்கு ஏறுகிறது. பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், கம்பிகள் விரல் பலகையிலிருந்து உயரும். முதுகுப்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் கொக்கித் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் அரை முதல் ஒரு சுற்று வரை உள்ளே முறுக்கி, மறுபடி டியூன் செய்து பாருங்கள். பிரிட்ஜ் தகட்டின் பின்பக்க இடைவெளி 3 மி.மீ. அளவில் நின்றால் சரி. அந்த நெம்புகோலான வாமி பாரே பயன்படுத்தாதவர் என்றால் ஐந்து ஸ்பிரிங் போட்டு பிரிட்ஜை உடம்போடு படிய வைத்துவிடுங்கள், டியூனிங் உறுதியாக நிற்கும். பிறகு கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல், எட்டாவது ஃப்ரெட்டில் இடைவெளி 0.25 மி.மீ. இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் இருக்கும் உலோகத் தண்டை) கால் சுற்று இறுக்கி, சிறிது நேரம் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஒரேயடியாக முறுக்காதீர்கள்.

கம்பி உயரத்தை மிகவும் இறக்கி வைத்திருப்பது ஒல்லி ஒலிக்கு அடிக்கடி காரணமாகும். பலரும் இதைச் சந்தேகிப்பதே இல்லை. கம்பி ஃப்ரெட்டுகளில் மெல்லத் தட்டிக்கொண்டே ஒலித்தால் அடிப்படைச் சுரத்தின் ஆற்றல் அங்கேயே தீர்ந்துவிடும், ஆம்ப் வழியாகக் கேட்கும்போது தட்டல் தனியாகத் தெரியாது, சுரம் மட்டும் வறண்டு கேட்கும். 17-ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்பது ஃபெண்டர் அளவு. ஆறாவது கம்பிப் பக்கம் 2 மி.மீ. வரை உயர்த்திப் பாருங்கள். கம்பியின் உலோகம் பற்றி ஒரு வரி: நிக்கல் பூசிய ஸ்டீலைவிட முழு நிக்கல் கம்பி கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் துருப்பிடித்த கம்பி கனமாக ஒலிக்காது, மந்தமாகத்தான் ஒலிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி வயரிங். ஸ்ட்ராட் ஒல்லி என்ற புகாரில் பாதி இங்கேதான் இருக்கிறது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இரண்டு டோன் நாப்களும் நெக், நடுப் பிக்கப்புகளுக்கு மட்டும். பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் நாப் கிடையாது. இருப்பதிலேயே கூர்மையான பிக்கப்புக்குத்தான் கூர்மையைக் குறைக்க வழியில்லை! இன்றும் பல மாடல்கள் அதே வயரிங்கில் வருகின்றன. சோதிக்க எளிய வழி: பிரிட்ஜ் பிக்கப்பில் வைத்து இரண்டு டோன் நாப்பையும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். ஒலி மாறாவிட்டால் இணைப்பு இல்லை.

சரிசெய்ய இரண்டு சென்டிமீட்டர் வயர் போதும். ஐந்து நிலை ஸ்விட்சில் டோன் நாப்களுக்குப் போகும் பக்கத்தைப் பாருங்கள். ஒரு முனையில் முதல் டோன், அடுத்த முனையில் இரண்டாவது டோன், பிரிட்ஜுக்கான முனை காலியாக இருக்கும். இரண்டாவது டோன் வந்து சேரும் நடு முனையையும் அந்தக் காலி முனையையும் சின்ன வயரால் சோல்டர் செய்துவிட்டால் கடைசி நாப் நடுப் பிக்கப், பிரிட்ஜ் பிக்கப் இரண்டுக்கும் வேலை செய்யும். பிரிட்ஜில் அதை 6, 7-இல் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பலருக்கு ஹம்பக்கர் ஆசையே போய்விடும்.

இன்னும் ஒரு படி போகலாம். பிக்கப் என்பது ஒரு சுருள். அதன் இண்டக்டன்ஸும், கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் முகடு கட்டும். ஸ்ட்ராட் பிக்கப்புக்கு சுமார் 2.4 ஹென்ரி. கிட்டார் கேபிள் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட். 6 மீட்டர் கேபிளும் பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸும் சேர்த்து 700 பிகோஃபாரட் என்று வைத்தால் முகடு 3.9 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. அது காது மிகக் கூர்மையாக உணரும் பகுதி. அதே கேபிளில் பழைய பாணி ஹம்பக்கரின் முகடு 3 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அப்படியானால் ஸ்ட்ராட்டின் முகட்டையும் கீழே இறக்கலாமே? வால்யூம் நாப்பின் உள்வரும் முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் முகடு சுமார் 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். 1000 பிகோஃபாரட் சேர்த்தால் 2.5 கிலோஹெர்ட்ஸ். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் இது சில ரூபாய் சமாச்சாரம். சோல்டர் செய்யும் முன் முதலை கிளிப் வயரால் தற்காலிகமாக மாட்டி 330, 470, 680, 1000 என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள். இதே காரணத்தால்தான் பத்து மீட்டர் கேபிளில் வாசித்தவருடைய ஒலி தடித்தும், வயர்லெஸ்ஸுக்கு மாறியதும் அது கூர்மையாகியும் போகிறது.

டோன் நாப்பில் இருக்கும் கெப்பாசிட்டரும் கவனிக்க வேண்டியது. வழக்கமாக 22 நானோஃபாரட், பழைய கிட்டார்களில் 50 அல்லது 100. 22 நானோஃபாரட்டோடு நாப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் முகடு 700 ஹெர்ட்ஸ் பக்கம் போய் ஒலி போர்வைக்குள் மூடியதாகிவிடும். அதனால்தான் பலர் அந்த நாப்பைத் தொடுவதே இல்லை. அதை 4.7 நானோஃபாரட்டாக மாற்றினால் பூஜ்யத்தில் முகடு 1.4 கிலோஹெர்ட்ஸில் நிற்கும். மூக்கால் பாடுவது போன்ற, ஆனால் தெளிவான தடித்த ஒலி. நாப்பின் முழுச் சுற்றும் பயன்படத் தொடங்கும்.

இதனால் சிங்கிள் காயில் ஹம்பக்கர் ஆகிவிடாது. இரண்டு சுருளின் கூடுதல் சிக்னல் இதில் இல்லை, இரைச்சலும் அப்படியே இருக்கும். முகட்டின் இடம் மட்டும்தான் மாறுகிறது. ஆனால் உங்கள் புகாரில் பெரும்பகுதி அந்த முகடுதான்.

ஆம்புக்கு வருவோம். பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்தால் ஒலி சமமாக இருக்கும் என்பது தவறான நம்பிக்கை. ஃபெண்டர் பாணி டோன் சர்க்யூட்டில் மூன்றும் நடுவில் இருக்கும்போது 400, 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பெரிய பள்ளம் இருக்கும். நமக்கு வேண்டிய உடம்பு விழுந்து கிடப்பதே அந்தப் பள்ளத்தில். இந்த சர்க்யூட்டில் சமமான ஒலி வேண்டுமென்றால் மிட்டை முழுக்க ஏற்றி, பேஸையும் ட்ரெபிளையும் 2, 3-க்கு இறக்க வேண்டும். மிட் நாப்பே இல்லாத சின்ன ஆம்ப்களிலும் இதே தந்திரம் செல்லும்: மற்ற இரண்டையும் இறக்கி வால்யூமை ஏற்றினால் மிட்டை ஏற்றியதற்குச் சமம். தொடக்கமாக பேஸ் 4, மிட் 7, ட்ரெபிள் 4 வைத்துக் கேளுங்கள். தனியாக வாசிக்கும்போது கொஞ்சம் அடைத்தது போலத் தோன்றலாம். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அதே அமைப்புதான் கேட்கும். வீட்டில் பேஸும் ட்ரெபிளும் தூக்கி மிட்டைக் குழியாக்கி வைத்த ஒலி மேடையில் காணாமல் போய்விடும், ஏனென்றால் கீழே பேஸ் கிட்டாரும் மேலே சிம்பலும் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும்.

கெயின் விஷயத்தில் பெரும்பாலோர் எதிர்த்திசையில் போகிறார்கள். கெயின் கூடினால் ஒலி அழுந்தித் தட்டையாகும். தாக்குக்கும் நீடிப்புக்கும் வேறுபாடு இல்லாமல் போய், சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து இரைச்சலாகும். கெயினைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி, முழு ஈ மேஜர் காட் அடித்தால் ஆறு கம்பியும் தனித்தனியாகக் கேட்கும் கடைசி இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் காடைச் சுருக்குங்கள். ஆழ்ந்த டிஸ்டார்ஷனில் (ஒலி உடைந்து கரகரக்கும் நிலையில்) மூன்றாம் சுரம் சேர்ந்த ஆறு கம்பிக் காடைவிட, அடிச் சுரமும் ஐந்தாம் சுரமும் மட்டும் உள்ள இரண்டு கம்பிக் காட் பெரிதாகக் கேட்கும்.

சத்தத்தின் அளவும் கணக்கில் வரும். மெல்லிய சத்தத்தில் காது தாழ்ந்த சுரங்களைக் குறைவாக உணர்கிறது என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் வாசிக்கும்போது ஒலி ஒல்லியாகத் தோன்றுவதில் ஆம்பின் குற்றம் கொஞ்சம்தான். அந்த நேரத்துக்கு பேஸை இரண்டு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள், ஒத்திகைக்குப் போனதும் மறக்காமல் இறக்குங்கள்.

ஆம்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் காசில்லாத ஈக்யூ (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர்). மேசை மேல் வைத்த சின்ன ஆம்பைத் தரையில், சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த பகுதி தெளிவாகக் கூடும், மூலையில் இன்னும் கூடும். ஸ்பீக்கரின் மேல் அதிர்வெண்கள் நடு அச்சில் டார்ச் வெளிச்சம் போல நேராகப் போகும். முழங்கால் உயரத்தில் ஆம்ப் இருக்க, நின்றுகொண்டு ட்ரெபிளை அமைத்தால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். குனிந்து ஸ்பீக்கருக்கு நேரே காதை வைத்து அமைக்க வேண்டும், ஆனால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு.

10 வாட் பிராக்டிஸ் ஆம்பில் உண்மையான தடை ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும்தான். வாட் கணக்கு அல்ல. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் 75 ஹெர்ட்ஸ் வாக்கில் தொடங்கி 5 கிலோஹெர்ட்ஸில் அடங்கிவிடுபவை. அந்த மேல் வெட்டுதான் டிஸ்டார்ஷனின் இரைச்சலை வடிகட்டுகிறது. பிக்கப்புக்கு ஒதுக்கிய பணத்தைப் பழைய 12 அங்குல ஆம்புக்குப் போட்டால் வேறுபாடு பல மடங்கு கேட்கும். வெளி ஸ்பீக்கர் சாக்கெட் உள்ள ஆம்ப் என்றால் 12 அங்குலக் கேபினெட்டோடு இணைத்துப் பார்க்கலாம். ஓம் அளவைப் பின்பக்கத்தில் படித்துவிட்டு இணையுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் எழுதியிருப்பதைவிடக் குறைந்த ஓம் கூடாது. வால்வ் ஆம்பில் அளவு பொருந்த வேண்டும், ஸ்பீக்கர் இல்லாமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது.

பெடல் வாங்குவதென்றால் முதலில் ஈக்யூ. பாஸ் ஜிஇ-7 போன்ற ஏழு பட்டை பெடலில் 100, 200, 400, 800, 1.6 கிலோ, 3.2 கிலோ, 6.4 கிலோஹெர்ட்ஸ் இருக்கும். டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எது உடைகிறது என்பது மாறும், பின்னால் வைத்தால் உடைந்த ஒலியின் நிறம் மாறும். உங்களுக்குப் பின்னால்தான் வேண்டும்: 200-ஐயும் 400-ஐயும் மூன்று டெசிபெல் கூட்டி, 3.2 கிலோவை நான்கு டெசிபெல் குறைத்து, 6.4 கிலோவை இன்னும் இறக்குங்கள்.

டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல் ஒல்லி ஒலிக்கு மருந்து என்று சொல்லப்படுவதில் ஒரு வேடிக்கை உண்டு. அது உண்மையில் பேஸை வெட்டும் பெடல். அதன் கிளிப்பிங் பகுதி (ஒலியை உடைக்கும் இடம்) 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாகக் கெயினைக் குறைக்கிறது, மேலேயும் டோன் சர்க்யூட் வெட்டுகிறது, நடுவில் மேடு நிற்கிறது. பேஸ் வெட்டப்பட்டும் ஒலி ஏன் பருமனாகிறது? தாழ்ந்த சுரங்கள்தான் டிஸ்டார்ஷனை முதலில் நிரப்பிச் சகதியாக்குபவை. அவற்றைக் குறைத்து அனுப்பினால் ஆம்ப் நடுப்பகுதியை உடைக்கிறது, கீழே ஒலி இறுகி நிற்கிறது. டிரைவ் 2, லெவல் 8, டோன் 4 என்று வைத்து, ஏற்கெனவே ஒலி லேசாக உடைந்திருக்கும் ஆம்பைத் தள்ளப் பயன்படுத்துங்கள். டிரைவை முழுக்க ஏற்றி சுத்தமான ஆம்பில் போட்டால் மறுபடி ஒல்லியாகவே கேட்கும்.

டிலே, ரிவெர்ப் பற்றி நீட்ட வேண்டாம். 80 முதல் 120 மில்லி செகண்ட், ஒரே ஒரு எதிரொலி, மூல ஒலியைவிட நன்றாகத் தாழ்ந்து. அது தனிச் சுரங்களுக்குப் பின்புலம் தரும். கூடினால் தூரத்தில் போய்விடும்.

லேப்டாப்பில் ஆம்ப் மென்பொருள் வழியாக வாசிப்பவர்களுக்கு வேறு கண்ணிகள் உண்டு. கிட்டார் பிக்கப்புக்கு 1 மெகா ஓம் அளவு உள்ளீடு வேண்டும். ஆடியோ இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை இசட்' பட்டனை அழுத்தாமல் லைன் உள்ளீட்டில் செருகினால், பத்து இருபது கிலோ ஓம் சுமையில் பிக்கப் மூச்சுத் திணறி, ஒலி சத்தம் குறைந்து உயிரற்றுப் போகும். டிஸ்டார்ஷனுக்குப் பின் கேபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் பகுதி) இல்லாவிட்டால் கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். இருந்தும் இரைச்சல் என்றால் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிவிடுங்கள்.

பதிவுகளில் கேட்கும் பெரிய கிட்டார் ஒலியோடு உங்கள் ஒற்றைக் கிட்டாரை ஒப்பிடுகிறீர்கள் என்றால், அங்கே பெரும்பாலும் ஒரே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து இடம், வலம் என்று பிரித்திருப்பார்கள், கூடவே பேஸ் கிட்டார் அதே ரிஃப்பை ஒரு ஆக்டேவ் கீழே வாசிக்கும். ஒரே பதிவை நகலெடுத்து இருபுறமும் வைப்பதால் பயனில்லை, சத்தம்தான் கூடும். இரண்டாவது முறை மறுபடி வாசிக்க வேண்டும், அந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள்தான் அகலம் தருகின்றன. இரட்டைப் பதிவில் கெயினை வழக்கத்தைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். மைக் வைத்துப் பதிந்தால் ஸ்பீக்கர் நடுவிலிருக்கும் குமிழ் மூடியை விட்டு, அதன் விளிம்பும் கோனும் சேரும் இடத்துக்கு நேரே, துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் வையுங்கள். வெளிப்பக்கம் நகர நகர கூர்மை குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் போதவில்லை என்றால் கிட்டாருக்குள் செய்ய ஒரு மலிவான வேலை பாக்கி இருக்கிறது: இரண்டு பிக்கப்பைத் தொடராக இணைப்பது. ஸ்ட்ராட்டின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் இரண்டு பிக்கப்புகள் இணையாக ஓடுகின்றன. மொத்த இண்டக்டன்ஸ் பாதியாகிறது, அதனால்தான் அந்த நிலைகள் கண்ணாடி போல மெலிந்து ஒலிக்கின்றன. தொடராக இணைத்தால் இரட்டிப்பாகி ஹம்பக்கரின் அளவுக்கு வரும். ஒரு டோன் நாப்பை எடுத்துவிட்டு அங்கே புஷ்-புல் வகை (இழுத்தால் ஸ்விட்சாகவும் வேலை செய்யும் நாப்) போடுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பின் கிரவுண்டு வயரைக் கிரவுண்டிலிருந்து கழற்றி ஸ்விட்சின் நடு முனைக்குக் கொடுங்கள். ஒரு பக்க முனை கிரவுண்டுக்கு, மறுபக்க முனை நடுப் பிக்கப்பின் ஹாட் (சிக்னல்) வயர் சேரும் இடத்துக்கு. நாப்பை இழுத்து, ஐந்து நிலை ஸ்விட்சை பிரிட்ஜில் வைத்தால் இரண்டும் தொடராக ஓடும். நடுப் பிக்கப் எதிர்ச் சுற்றும் எதிர்க் காந்தமும் உடையதாக இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் அடங்கும். பல ஸ்ட்ராட்களில் அப்படித்தான் இருக்கிறது. இந்த நிலையில் சத்தம் கூடும், கூர்மை குறையும், ஆம்பில் ஒலி முன்கூட்டியே உடையும்.

கடைசியாக, பிக்கப் மாற்றுவதென்றே முடிவு செய்தால், பிக்கார்டை (பிக்கப்புகள் மாட்டியிருக்கும் முன்பக்கத் தகட்டை) வெட்டாமல் சிங்கிள் காயில் குழியிலேயே உட்காரும் இரட்டைச் சுருள் பிக்கப்புகள் டிமார்ஸியோ, சீமோர் டங்கன் இரண்டிலும் உண்டு. சுழற்சி கூடிய சிங்கிள் காயிலும் கிடைக்கிறது. டிசி ரெசிஸ்டன்ஸ் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மெல்லிய கம்பியில் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும். இண்டக்டன்ஸ் எண் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். ஸ்ட்ராட்டில் இருப்பது 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (நாப்புக்கு அடியிலிருக்கும் மாறும் ரெசிஸ்டர்). ஹம்பக்கர் வந்தால் 500 போட வேண்டும் என்பார்கள். உங்களுக்கு வேண்டியது தணிந்த ஒலி, 250-ஐயே விட்டுவிடுங்கள்.

மாற்றி முடித்ததும் பிரிட்ஜையும் நடுப் பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். தனித்தனியாக நன்றாக இருந்து, சேர்ந்ததும் பேஸ் காணாமல் போய் ரேடியோவில் பேசுவது போல் வெற்றாகக் கேட்டால் இரண்டும் எதிர்க் கட்டத்தில் (அவுட் ஆஃப் ஃபேஸ்) இருக்கின்றன. புதிய பிக்கப்பின் ஹாட், கிரவுண்டு வயர்களை இடம் மாற்றிச் சோல்டர் செய்யுங்கள். உலோக மூடியோ தனி ஷீல்டு வயரோ இருந்தால் அதை அந்த இணைப்பிலிருந்து பிரித்து, தனியாகக் கிரவுண்டுக்குக் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூடி ஹாட் ஆகி, கை பட்டதும் இரையும்.